அம்மாவுக்காக ஆற்றோடு ஒரு நடை
(பாளையங்கோட்டைக் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, "மண்டபத்துக்கு வாடகை எதுக்கு, வந்து பேசுங்க" என்று ஒரே போனில் சொன்ன வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஆஸ்பத்திரி வேலை முடித்துச் சாப்பிடாமல்கூட வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பீடி சுற்றும் அக்காமார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். மறதி நோய் என்றால் என்ன, வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம், நாம் நடக்கப்போகும் நடை.

கடைக்குப் போய்ச் சீனி வாங்க மறந்தால் அது வயசு. ஐம்பது வருஷம் போட்ட கருப்பட்டிக் காப்பியை எப்படிப் போடுவது என்று அடுப்பு முன்னால் திகைத்து நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் இப்படி ஆகலாம். அதைச் சரிசெய்ய வழி உண்டு. அல்சைமர் என்றால் குணமாக்க மருந்து இல்லை. ஆலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1906இல் விவரித்த நோய் அது. என் அம்மாவுக்கு இருப்பது அதுதான்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அம்மா பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். இன்றைக்கு என் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் முந்தானை நுனியை எடுத்து இரண்டு விரலால் உருட்டி, கட்டைவிரல் நகத்தால் வாயை மடக்கி, நூல் சுற்றுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாள். நாள் முழுக்க.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. அக்கா எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை. அவள் பீடி சுற்றின பழைய முறம், சுளவு என்போம், சுவரில் சாத்தியிருந்த அதுவும் இல்லை. தெருவே தேடியது. ஒருவர் ஆற்றுக்கு ஓடினார், ஒருவர் அம்மன் கோயிலுக்கு. நான் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனேன். நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், சுளவு மடியில். சுளவு நிறைய வேப்பிலை, ஒவ்வொன்றும் சுருட்டி அடுக்கியது. "பீடிக்கடை திறந்ததும் சரக்கைக் கொடுத்துட்டுப் போறேன்னு சொல்லுதாங்க" என்றார் டீக்கடைக்காரர். அந்தக் கடையை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. காசு வாங்காமல் டீயும் கொடுத்து, பக்கத்திலேயே நின்றிருக்கிறார் அந்த மனுஷன். நான் கிட்டே போய், "அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "யாரு பெத்த பிள்ளையோ, காலங்காத்தால பனியில அலையுதியேய்யா" என்று தன் டீயை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஆடின கால், நடந்துவிட்டது. அதைக் கட்டிப்போடச் சொன்னவர்கள் உண்டு. கட்டிப்போடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். பகலில் நான்கு மணி நேரம் இவர்களை விட்டுவைக்க ஓர் இடம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பால்வாடி இருக்கிறது. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கும் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுக்குத் தாலுகாவுக்கு ஒரு பகல் காப்பகம் கேட்பது பேராசையா? என் அக்கா எட்டு வருஷமாக ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அரசுதான் செய்ய வேண்டும், சரி. ஆனால் படகுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களைப் பார்த்து, தன் கைப்பணத்தைப் போட்டு 1843இல் தாமிரபரணிக்குப் பாலம் கண்டவர் சுலோசன முதலியார். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவர்தான். அண்ணாச்சி அவர்களே, உங்கள் சங்கத்துக்குச் சொந்தமான பழைய கிட்டங்கி ஒன்று பூட்டிக் கிடக்கிறது. முதல் காப்பகத்துக்கு அதைத் தாருங்கள். இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. பாபநாசத்தில் தொடங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் கடல் வரை, ஆறு நாள். சேரும் பணம் முழுதும் காப்பகத்துக்கு. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போன கால்கள் இங்கே நிறைய இருக்கின்றன. ஆடின கால் சும்மா இருக்காது, வாருங்கள். வெயிலுக்கு முன்னால் நடந்துவிட வேண்டும், அதனால் காலை ஐந்து மணிக்குப் பாபநாசம் படித்துறை. மூன்றாம் நாள் சுலோசன முதலியார் பாலத்துக்கு அக்கா ஆட்டோவில் அம்மாவைக் கூட்டி வருவாள். பாலத்தை மட்டும் அம்மா எங்களோடு நடந்து கடப்பாள். சுளவை நான் சுமப்பேன்.