மீன்காரர் மகன் பேசுகிறேன்: குடும்பச் சுற்றுலாவுக்குச் சைக்கிளே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நித்திரவிளைப் பெருமக்களே, வணக்கம். குடும்பத்தோடு ஊர் சுற்ற ஏற்றது காரா, சைக்கிளா? நான் சைக்கிள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அண்ணன் குடும்பம் அயர்லாந்து வரைக்கும் பிளேன் ஏறிப் போய் சைக்கிள் மிதிச்சுட்டு வந்திருக்கு. நம்ம ஊர் மீன்காரர் அதைத் தினமும் செய்யறாரே!" நீங்களும் சிரித்தீர்கள். அதற்கு வருகிறேன், தம்பி. முதலில் அந்த அயர்லாந்துக் கதையை முழுசாகக் கேளுங்கள்.

என் தங்கை அங்கே வாட்டர்ஃபோர்டில் நர்ஸ். நம் கேரள எல்லையோரத்து வீடுகளில் பாதிக்கு இப்படி ஒரு நர்ஸ் பிள்ளை உண்டு, உங்களுக்குத் தெரியும். அவளைப் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த ஊரிலிருந்து டங்கார்வன் என்கிற கடற்கரை ஊர் வரைக்கும் 46 கிலோமீட்டருக்கு ஒரு பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் நின்றுபோன பிறகு அதில் தார் போட்டு, 2017-ல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ரயிலுக்காகப் போட்ட வழி, அதனால் மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை. கார் உள்ளேயே வர முடியாது. பிள்ளையை முன்னால் விட்டுவிட்டுத் தாய் பதறாமல் பின்னால் வரலாம்.

வாடகைக் கடையில் அம்மாவுக்கு பேட்டரி வைத்த சைக்கிள். "எனக்கு வேண்டாம், நான் கடையிலேயே இருக்கேன்" என்றார் அம்மா. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் அண்ணன் சைக்கிளில் கோயில் முற்றத்தில் ஓட்டிப் பழகியவர்தான். கல்யாணத்துக்கு அப்புறம் கேரியரில் உட்கார்ந்ததோடு சரி. என் மகள் விடவில்லை. "ஏறுங்க ஆச்சி, நான் பிடிச்சுக்கிறேன்." ஏறினார். கொஞ்ச தூரம் கால் நடுங்கியது. அப்புறம் பார்த்தால் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்!

டங்கார்வன் போகும் வழியில், ரயிலுக்காகக் குடைந்த ஒரு குகைப்பாதை. ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். உள்ளே மங்கலாக விளக்கு. சுவரில் ஈரம் கசியும், தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். நடந்து போகிறவர்களைத் தாண்டும்போது மணி அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அம்மா ஒருவரைத் தாண்டும்போது அடித்தார். கிணிங்! குகை முழுக்க எதிரொலி. கிணிங், ணிங், ணிங்... அம்மாவுக்குப் பிடித்துப்போனது. இன்னொரு தடவை, கிணிங்! முன்னால் ஆளே இல்லை! என் மகள் பதிலுக்கு அடித்தாள். கிணிங்! தங்கை, அவள் வீட்டுக்காரர், நான், என் மனைவி, எல்லோரும் அடிக்கிறோம். எதிரே வந்த வெள்ளைக்காரக் குடும்பமும் நின்று தங்கள் மணியை அடிக்கிறது! பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றால் மறுபடியும் சொல்கிறேன். அறுபது வயது தாண்டிய எங்கள் அம்மா, அயர்லாந்துக் குகைக்குள் மணி அடித்து, அறிமுகமே இல்லாத குடும்பத்தையும் மணி அடிக்க வைத்தார். காருக்குள் ஹாரன் அடித்தால் என்ன வரும், நடுவர் அவர்களே? வசவு வரும்!

காரில் ஒரே நாளில் ஐந்து ஊர் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம். மார்த்தாண்டம் சந்திப்பை மட்டும் அரைமணி நேரம் பார்க்கலாம்.

சரி, இப்போது மீன்காரர். தம்பி, என் அப்பாவே மீன்காரர்தான். தேங்காய்ப்பட்டணம் கரையில் விடியும் முன்னே சாளையும் அயிலையும் ஏலம் எடுப்பார். ஐஸ் போட்டுக் கேரியரில் பெட்டியைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஏற்றம் இறக்கம் எல்லாம் மிதிப்பார். அந்தச் சைக்கிள்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தது. தங்கை அந்தப் பிளேனில் ஏறியதே அப்பா மிதித்த காசில். சைக்கிளைக் காசில்லாதவன் வண்டி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண் யாரையும் எதிர்பார்க்காமல் தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனாள். அந்த வண்டியையா கேலி செய்வது?

நம்மூரில் அப்படிப் பாதை இல்லையே என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. நம் கடலோரத்து ஏ.வி.எம். கால்வாய், அதாவது அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய், 1860-ல் தொடங்கியது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தோணியில் இணைக்கத் திருவிதாங்கூர் அரசு வெட்டியது. இன்று பல இடத்தில் மண் மூடிக் கிடக்கிறது. அதன் கரையைச் சீராக்கி ஒரு சைக்கிள் பாதை போட்டால் தேங்காய்ப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு என்று குடும்பத்தோடு போகலாமே! அந்தப் பக்கம் பொழியூரில் தொடங்குகிற கேரளக் கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் சைக்கிள் தடத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் கேட்கக் கூடாது?

நேரம் முடிகிறது என்று நடுவர் மணியை எடுக்கிறார். அடியுங்கள், எங்கள் வீட்டில் மணி என்றால் பிரியம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மீன்பெட்டியைக் கழற்றிவிட்டுக் கேரியரைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். வாடை போகாது. அம்மா பின்னால், மடியில் தங்கை, நான் முன்கம்பியில். குளச்சல் வரைக்கும் கூட்டிப்போவார். 1741 போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் படை தோற்கடித்ததன் நினைவுத் தூணுக்கடியில் உட்கார்த்தி, அந்தக் கதையைச் சொல்வார். எங்கள் சுற்றுலா அவ்வளவுதான். போகும் வழியெல்லாம் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு அம்மா பேசிக்கொண்டே வருவார். வீட்டில் அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அயர்லாந்தில் அந்தக் குகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடல் தெரியும். அங்கே அம்மா சைக்கிளை நிறுத்தினார். பக்கத்தில் போனேன். கண் கலங்கியிருந்தது. என்னம்மா என்றேன்.

"உங்க அப்பா இருந்திருந்தா, இன்னைக்கு அவரைப் பின்னால உக்கார வச்சு நான் மிதிச்சிருப்பேன் மக்கா" என்றார்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.