திடீரென்று காது அடைத்துக்கொண்டால் காத்திருக்கலாமா?

அடுத்த கேள்வி கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. "என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாகச் சளி. முந்தாநாள் ராத்திரி வலது காதில் தாங்க முடியாத குத்துவலி. விடிந்து பார்த்தால் தலையணையில் சீழ். வலி நின்றுவிட்டது, ஆனால் அந்தக் காது கேட்கவில்லை. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டோம். காது திரும்பக் கேட்குமா?"

சீழ் வந்ததும் வலி நின்றது என்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை, அதுதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. சளியில் அந்தக் குழாய் வீங்கி அடைத்தால் அறையில் நீர் கோத்துச் சீழாகிறது. அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் ஓட்டை விழுந்ததும் சீழ் வடிந்து வலி விடுகிறது. உள்ளே மூன்று எலும்புகள், அவை அசைந்துதான் சத்தத்தை உள்காதுக்குக் கடத்துகின்றன. கடைசி எலும்பு அரை அரிசி அளவுதான். சீழுக்குள் மூழ்கிக் கிடந்தால் அவை எப்படி அசையும்? இந்த வகைக் கேளாமை பெரும்பாலும் சரியாகிவிடும். ஓட்டையும் அநேகமாகச் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் "சளிதானே, தானாகச் சரியாகிவிடும்" என்று எல்லாரும் உட்கார்ந்துவிடுவதுதான் எனக்குப் பயம். உள்காது நரம்பு திடீரென்று பாதிக்கப்பட்டாலும் இதே 'அடைத்த மாதிரி'தான் இருக்கும். நடுக்காதுக் கிருமியின் நச்சு உள்காதுக்குள் இறங்குவதும் உண்டு. நரம்பு என்றால் ஸ்டீராய்டை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து சர்க்கரையை ஏற்றும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நீங்களும் இப்போது ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். பொத்திய காதில்தான் சத்தம் பலமாக இருக்கிறது, இல்லையா? அவரைக் காதைப் பொத்தாமல் முனகச் சொல்லுங்கள். கேட்காத காதுப் பக்கம் சத்தம் கூடினால் நடுக்காது அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அன்றே கிளம்புங்கள். நாங்கள் இசைக்கவை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் வீட்டுச் சோதனையை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. அதை நிறுத்துங்கள். ஓட்டை உள்ள காதில் ஜென்டாமைசின், நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் கலந்த சொட்டு போனால் நரம்பையே கெடுக்கலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகால் குடைவது இதெல்லாம் இன்னும் நம் பக்கம் நடக்கிறது. வேண்டவே வேண்டாம்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, இங்கே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மருக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போய், செவித்திறன் சோதனையும் எடுத்துவிடுங்கள். தலைசுற்றல், வாய் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்கே போங்கள், நேரம் பார்க்காதீர்கள்.

ஓட்டை மூடும்வரை கடலில் முங்கக் கூடாது. தேவனாம்பட்டினத்துக்காரரிடம் இதைச் சொன்னால் கேட்பாரா, தெரியவில்லை! குளிக்கும்போதாவது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.