ஊர்ப்பேர் கேள்விக்குறியா வருதா? திருத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கமுங்க. ஈரோடு மஞ்சள் மண்டிக் கணக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்குன்னு டேட்டாபேஸ்ல தமிழ் ஏத்தறவங்க நிறையப் பேர் இந்த சேனலைப் பார்க்கறீங்க. கமாண்ட் லைன்ல (கட்டளை தட்டற கறுப்புத் திரை) தமிழ் உடைஞ்சு வர்றதைப் பத்தித்தானுங்க இன்னைக்குப் பேச்சு.

ஊர்ப்பேர் இருக்கற இடத்துல கேள்விக்குறியா நின்னா, உடனே அப்டேட் போட்டுத் திருத்தப் போயிடாதீங்க. கெட்டது டேட்டாவா, காட்டற திரையா? முதல்ல அதைப் பிரிச்சுப் பார்க்கோணும்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல, உள்ளே கிடக்கற பைட்டை அப்படியே காட்டற ஹெக்ஸ் ஃபங்ஷன் வெச்சு அந்தப் பேரை செலக்ட் பண்ணுங்க. ஈரோடுன்னா இ0, ஏஇ, 88-ன்னு (E0 AE 88) தொடங்கும். ஈ-ங்கற எழுத்தோட மூணு பைட் அது. அப்படி வந்துட்டா டேட்டா பத்திரமா இருக்குதுங்க. கெட்டது திரைதான். விண்டோஸ்ல சிஹெச்சிபி 65001 (chcp 65001) கொடுத்தா, அந்தத் திரை யூடிஎஃப்-8ங்கற யூனிகோடு முறைக்கு மாறும். அப்புறம் மைஎஸ்கியூஎல் உள்ளே செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4 போட்டுப் பாருங்க. சி3, ஏ0-ன்னு (C3 A0) தொடங்குனா, ஏத்தும்போதே லத்தீன்-1ங்கற ஐரோப்பிய எழுத்து முறைன்னு நினைச்சு ரெண்டாவது தடவை மாத்தியிருக்குது. மீட்க வழி இருக்கு, பேக்கப் எடுத்துட்டுத் தொடுங்க. வரிசையா 3எஃப், 3எஃப்-னு (3F) வந்தாத்தான் மனசு கஷ்டமா இருக்கும். உள்ளேயே கேள்விக்குறிதான் கிடக்குது, எழுத்து போயே போச்சு. பழைய எக்செல் ஷீட்ல இருந்து மறுபடி ஏத்தறதைத் தவிர வேற வழியில்லீங்க.

அடுத்தது கட்டக் கோடு, அதாவது பதிலைச் சுத்தி அட்டவணையா வர்ற கோடு. கோட்டுக்குப் பதிலா கிரேக்க காமாவும், தலையில ரெண்டு புள்ளி வெச்ச இங்கிலீஷ் ஓ-வும் (ö) வருதுங்களா? கோடு யூடிஎஃப்-8ல வருது, கறுப்புத் திரை 437-ங்கற பழைய எழுத்து அட்டவணையில படிக்குது. அதுக்கும் அதே 65001தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பேக்ஸ்லாஷ் பிசெட் லைன்ஸ்டைல் ஆஸ்கின்னு (\pset linestyle ascii) போட்டாலும் சாதாக் கோடு வந்துரும்.

கோடு வளைஞ்சு போறது வேற சங்கதி. ஈரோடுங்கறது நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோடுல 5 குறி, யூடிஎஃப்-8ல 15 பைட். போஸ்ட்கிரெஸோட கமாண்ட் லைன் கருவியான பிஎஸ்கியூஎல் 5 கட்டம் ஒதுக்கும், டெர்மினல் (அந்தக் கறுப்புத் திரை) எழுத்துரு வேற அகலத்துல வரையும். வலது ஓரக் கோடு தள்ளிப் போகத்தானே செய்யும்? என்கோடிங்கை எத்தனை மாத்துனாலும் இது நேராகாதுங்க. ஒவ்வொரு வரிசையையும் மேலிருந்து கீழாக் காட்டற பேக்ஸ்லாஷ் எக்ஸ் (\x) போட்டு, பார்டர் 1-ல (\pset border 1) வெச்சுக்கங்க. காலம் (column) பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருந்தா நடுக்கோடு நேரா நிக்கும், வலது கோடே இருக்காது.

மண்டிக்காரருக்கு பிரிண்ட் கொடுக்கோணும்னா டெர்மினல்ல மல்லுக்கட்டாதீங்க. போஸ்ட்கிரெஸ் 12-ல இருந்து பேக்ஸ்லாஷ் பிசெட் ஃபார்மட் சிஎஸ்வி (\pset format csv) இருக்குது, காற்புள்ளி போட்டுப் பிரிச்ச ஃபைலா வரும். வெளியே எடுத்து, லிப்ரேஆபீஸ்ல திறக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, கோட்டை அங்க போட்டுக்கங்க.