பிள்ளை பிடிக்கிறவன் எங்கே இருக்கிறான்?

பெற்றோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

சின்ன வயதில் நான் சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தால் பாட்டி வாசலைக் காட்டுவார். "பிள்ளை பிடிக்கிறவன் வர்றான், சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிருவான்." இங்கே இருப்பவர்களிலும் பலர் அந்தச் சாக்குக்காரனுக்குப் பயந்து வளர்ந்தவர்கள்தாம். அவன் எப்போதும் வாசலுக்கு வெளியே இருப்பான். ஊர் பேர் தெரியாதவன். வீட்டுக்குள் இருக்கும் எவரையும் காட்டிப் பாட்டி பயமுறுத்தியதில்லை.

அந்தப் பயம் 2018 மே மாதம் என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? பிள்ளை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம். அதில் 65 வயது அம்மா ஒருவர், வழியில் நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்தே கொன்றுவிட்டது. அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த இரண்டே மாதத்தில், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமியை மாதக்கணக்கில் பாலியல் ரீதியாக வதைத்ததாக 17 பேரைக் கைது செய்தார்கள். காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், குழாய் வேலை பார்ப்பவர். 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். வெளியாள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுத்து வைத்த ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்குகளைப் பாருங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவான வன்புணர்வு வழக்குகளில், 10-க்கு 9-க்கும் மேல், குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். மேடைகளில் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

"தெரிந்தவர்" என்ற அந்தக் கட்டத்துக்குள் அப்பா, சித்தப்பா இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிப் பழகியவரும் இருக்கிறார். 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பி ஊரைவிட்டுப் போய், பெண்ணின் அப்பா புகார் கொடுத்தால் அந்தப் பையனும் அதே கட்டத்தில்தான் விழுகிறான். இப்படிப்பட்ட வழக்குகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2019-லும் 2021-லும் கவலை தெரிவித்தது. ஆகவே அந்த எண்ணை வைத்து "எல்லாம் சொந்தக்காரர்கள்தான்" என்று சொல்வது பிழை.

மறுபக்கமும் உண்டு. காவல் நிலையத்துக்கு வந்ததை மட்டுமே காப்பகத்தின் அந்தக் கணக்கு எண்ணுகிறது. பூங்காவில் யாரோ ஒருவன் கையை வைத்தால் அன்றைக்கே புகார் கொடுப்போம். பெரியப்பா என்றால்? "வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்று கதவைச் சாத்திக்கொள்வோம். 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகவே கேட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாக 53 சதவீதம் பேர் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆளானவர்களில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்று அதிகம். "பையன்தானே, அவனுக்கு என்ன ஆயிரும்?" என்று இந்த அரங்கிலேயே யாராவது நினைத்திருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்.

உறவினரையெல்லாம் சந்தேகப்படச் சொல்கிறேனா? இல்லை. ஒரு குழந்தையின் பொழுது முழுக்கத் தெரிந்தவர்களோடுதானே கழிகிறது? அவளைத் தூக்கி வளர்ப்பவர்களும் அவர்கள்தாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: குழந்தை ஒரு பெயரைச் சொல்லும்போது, "அவரா, சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்ற வாக்கியம் நம் வாயிலிருந்து முதலில் வரக்கூடாது.

சட்டத்துக்கு இது தெரியும். உறவினரோ ஒரே வீட்டில் இருப்பவரோ செய்தால் போக்சோ அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகவே வைத்திருக்கிறது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. 2019-ல் திருத்தம் கொண்டுவந்து மரண தண்டனை வரை போனார்கள். கைதட்டினோம். சோறு போடுகிற அப்பாவே குற்றவாளி என்றால் அந்தத் தண்டனையை நினைத்தே ஒரு தாய் வாயடைத்துப் போவாள், பிள்ளையின் வாயையும் அடைப்பாள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அப்படித் தவிக்கும் வீட்டுக்கு முதலில் தேவை, பதறாமல் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை. "மாமாவுக்கு ஒரு முத்தம் குடுடி" என்று நாலு பேர் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். குழந்தை தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மாமா நல்ல மனிதராகத்தான் இருப்பார். மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆத்தா நிமிர்ந்து, "புள்ள வேணாங்குதுல்ல, விடுங்க" என்றார். மாமாவும் சரி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். குழந்தை தூணை விட்டுவிட்டு விளையாட ஓடியது.