ஆவாரைப் பேரினம்: மருந்தும் நஞ்சும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொங்கு நாட்டில் பொங்கலை ஒட்டி வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோம். அந்தச் செடிமீது எனக்கும் தீராத அன்பு உண்டு. அந்த அன்பினால்தான், பழமொழி போற்றுவது ஒரு செடியை மட்டுமே, அதே மஞ்சள் நிறத்தில் பூக்கும் அதன் உறவுகள் அனைத்தையும் அன்று என்பதைச் சொல்ல இங்கே வந்திருக்கிறேன்.

தாவரவியலார் இச்செடிகளைச் சென்னா என்னும் பேரினத்தில் வைக்கிறார்கள். நெடுங்காலம் இவை கொன்றையோடு சேர்த்துக் காசியா என்றே எண்ணப்பட்டன. தாவரவியலாளர்களான இர்வினும் பார்னெபியும் 1982இல் வெளியிட்ட பெரிய ஆய்வுக்குப் பின்னரே இந்தப் பிரிவு நிலைபெற்றது. கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத் தாள்கள் நீண்டு வளைந்திருக்கும்; ஆவாரம்பூவில் அந்த வளைவு இல்லை. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் குழந்தைக்கும் புலப்படும் வேறுபாடு இது.

இப்பேரினத்தில் மலச்சிக்கலுக்கான மருந்தாக உலக மருத்துவம் முழுவதும் ஏற்றுக்கொண்டது நிலாவாரை. அரபு மருத்துவர்கள் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற இந்த இலை, வணிகத்தில் இன்றும் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இலை அது. அதன் ஆற்றலுக்குக் காரணமான சென்னோசைடு என்னும் பொருளை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். சென்னோசைடு வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. அது சிறுகுடலில் ஏறக்குறைய மாற்றமின்றிக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரைப் பகுதியை அறுத்துவிட, எஞ்சும் ரெயின் ஆந்த்ரோன் என்னும் பொருள் குடலின் அசைவைத் தூண்டி, நீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. இரவில் உண்டால் காலையில் பலன் தெரிவது, இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிப்பதால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சென்னாவுக்கு இடம் உண்டு. ஆனால் இது சில நாள் மருந்து. மாதக்கணக்கில் உண்போருக்கு உடலில் பொட்டாசியம் குறையலாம். குடலின் உட்சுவரே கறுத்துப் போகலாம்.

இனி ஆவாரைக்கு வருகிறேன். இலை, பூ, காய், பட்டை, வேர் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஆவாரைப் பஞ்சாங்கம் என்பர் நம் சித்த மருத்துவர்கள். கொன்றை, நாவல், மருதம் முதலியவற்றோடு சேரும் ஆவாரைக் குடிநீரை நீரிழிவுக்குத் தருவார்கள். இதன் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிடுவோர் தலைமுறை தலைமுறையாக ஆவாரம் பட்டையைத் தேடியது அதற்காகவே. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் பூவின் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலியில் கண்டது நம்பிக்கை தருகிறது. ஆயினும் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. ஏற்கெனவே மாத்திரை உண்பவர் இக்குடிநீரையும் குடித்தால் சர்க்கரை அளவு கடந்து இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் இரண்டையும் சொல்லியே ஆகவேண்டும்.

இதே பேரினத்துச் சீமை அகத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வண்டுகடி என்னும் படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவது நம் ஊர் வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டு அரசும் இதே பயனுக்காக அதை ஏற்றிருக்கிறது.

என்னை உறங்கவிடாத செடி, இதே பேரினத்தைச் சேர்ந்த பேயாவரை. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் சிறுவர்கள் திடீரென வாந்தி எடுத்து, நினைவிழந்து, சில நாட்களில் இறந்தனர்; மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நம்பப்பட்டது. விளையாடப் போன பிள்ளைகள் இச்செடியின் பச்சைக் காய்களைத் தின்றதே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒருங்கே தாக்கும் நஞ்சு அது. குடலைத் தூண்டும் மருந்தும் பிள்ளையைக் கொல்லும் நஞ்சும் ஆந்த்ரகுவினோன் என்னும் ஒரே வேதிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஆகவே மேசைமீதுள்ள இரண்டு கிளைகளையும் அருகில் வந்து பாருங்கள். ஆவாரையில் இலைக்காம்பு தொடங்கும் இடத்தில் காதுமடல் போன்ற அகன்ற செதில் இருக்கும். சிற்றிலைகளின் நுனி மழுங்கியிருக்கும். பேயாவரையில் அந்தக் காதுமடல் இல்லை. சிற்றிலைகள் கூர்மையானவை, நுனியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போகும். இலையைக் கசக்கி முகர்ந்தால் குமட்டும் நாற்றம் வரும். முகர்ந்த பின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். வாசலில் தண்ணீர் வைத்திருக்கிறோம்.