உன் தாயை எண்ணினார்களா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை அறிமுகம் செய்த செயலாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம். உடல்நலம் குன்றிய நிலையிலும் தலைமையேற்க வந்த தலைவருக்கு என் தனி நன்றி.

பெண்களின் அரசியல் உரிமைப் போராட்டம் பற்றி, நைஜீரியாவின் அபா, அபேயோகுட்டா என்ற ஊர்கள், ஆப்பிரிக்க நாடான ருவாண்டா என்று மூன்று இடங்களை வைத்துப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அபாவிலிருந்து தொடங்குகிறேன்.

1929 நவம்பர். தென்கிழக்கு நைஜீரியாவில், அபா பெண்கள் கிளர்ச்சி தொடங்கிய ஒலோகோ என்ற ஊர். நுவான்யெருவா என்ற பெண் பனை எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்கார அரசு நியமித்த தலைவர் ஒகுகோவின் ஆள் வந்து, "வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு? எண்ணிச் சொல்" என்கிறான். முன்பு ஆண்களையும் இப்படித்தான் எண்ணினார்கள். 1928-இல் அவர்கள் தலையில் வரி விழுந்தது. அது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? "உன் தாயை எண்ணினார்களா?" என்று திருப்பிக் கேட்டார். கைகலப்பு ஆனது. எண்ணெய்க் கையோடு பெண்கள் கூடியிருந்த இடத்துக்கு ஓடினார். ஊர் ஊராகப் பனையோலை போயிற்று. ஓலை வந்தால் புறப்பட வேண்டும் என்று பொருள். தலையில் இளங்குருத்தைச் சுற்றி, முகத்தில் கரி பூசி, கையில் கோலோடு ஒகுகோவின் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பகலென்றும் இரவென்றும் பாராமல் பாட்டும் ஆட்டமும்! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது. ஒகுகோ பதவி இழந்து சிறைக்குப் போனார்.

கிளர்ச்சி பரவியதும் துப்பாக்கி பேசியது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள். பெண்கள் மீது வரி விழவில்லை; பின்னர் அரசே ஊர்த் தலைவர்களை நியமிக்கும் அந்த முறையே ஒழிந்தது.

ஆனால் தாய்மார்களே, அவர்கள் பேத்திகளுக்கு என்ன கிடைத்தது? 360 பேர் கொண்ட நைஜீரியக் கீழவையில் 2023 தேர்தலில் வென்ற பெண்கள் 20 பேர்கூட இல்லை. பெண்களுக்குத் தனி இடங்கள் தரும் திருத்தத்தை 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. நுவான்யெருவாவின் நாட்டில் இது நடந்திருக்கக் கூடாது. பெண்கள் நாடாளுமன்ற வாசலிலேயே திரண்டு முழங்கினார்கள். அடிமேல் அடி அடிக்கத்தான் வேண்டும்.

ருவாண்டாவைப் பாருங்கள். 2003 அரசியலமைப்பிலேயே பெண்களுக்கு 30 விழுக்காட்டு இடங்களை எழுதி வைத்தார்கள். 2008-இல் அங்கே கீழவையில் பெண்களே பெரும்பான்மை. எழுதி வைத்தால் நடக்கிறது! நான் பல மேடைகளில் கேட்பதையே இங்கும் கேட்கிறேன்: ஒவ்வொரு கட்சியும் வேட்பாளர் பட்டியலில் பாதியைப் பெண்களுக்குத் தர வேண்டும். வெல்ல முடியாத தொகுதிகளாகப் பார்த்து ஒதுக்குவது கூடாது. அபேயோகுட்டாவை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன், நேரமாகிவிட்டது. கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஆண்களும் கையெழுத்திட வேண்டும்.