கண்டேன் என்று சொன்னால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அறிவியலை முன்னே கொண்டு செல்வதில் பெரும்பங்கு யாருக்கு? புதியதைக் கண்டுபிடிப்பவருக்கா, கண்டதைச் சரிபார்ப்பவருக்கா? இதுதான் தலைப்பு. சரிபார்ப்பவருக்கே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். முதலில் ஒருவர் கண்டுபிடித்தால்தானே இன்னொருவர் சரிபார்க்க முடியும் என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. அப்புறம், சரிபார்ப்பவர்கள் அடுத்தவர் உழைப்பில் ஓட்டை தேடுகிறவர்கள், அதற்குத் துணிச்சல் தேவையில்லை என்றார். இந்த இரண்டாவது வாதம் என்னை உண்மையாகவே வருத்தியது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

விண்ணில் பெரும் நிகழ்வுகள் நடக்கும்போது காலவெளியில் எழுந்து பரவும் நுண்ணிய நெளிவுகளே ஈர்ப்பலைகள். அவற்றைக் கண்டுபிடித்தது எப்போது? 2015 செப்டம்பர் 14, லைகோ ஆய்வகங்கள் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் "கண்டுவிட்டேன்" என்று அதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் அறிவித்தார். 1969-இல் ஜோசப் வெபர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், பெரிய அலுமினிய உருளைகளில் ஏற்பட்ட நுண்ணிய அதிர்வுகளை அளந்து, இவை விண்ணிலிருந்து வந்த ஈர்ப்பலைகள் என்றார். பல நாடுகளில் அதேபோன்ற உருளைகளைச் செய்து காத்திருந்தார்கள். யாருக்கும் அது கிடைக்கவில்லை. அந்தத் துறைக்கு வழி திறந்தவர் வெபர், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அவர் சொன்னது அறிவாகவில்லை.

2015-இல் கிடைத்தது மட்டும் எப்படி நின்றது? 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆய்வகங்களில், 7 மில்லிவிநாடி வித்தியாசத்தில், ஒரே வடிவ அலை பதிவாகியிருந்தது. ஒன்று கண்டதற்கு மற்றொன்று சாட்சி. அப்படியும் உடனே அறிவிக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதம் குடைந்து பார்த்துவிட்டு 2016 பிப்ரவரியில்தான் வெளியே சொன்னார்கள். அதற்கும் முன்பு, 2010-இல், தங்கள் குழுவையே அவர்கள் சோதித்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் தெரியும்படி ஒரு போலி அலையைக் கருவிக்குள் நுழைத்தார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் அதை ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்த பிறகுதான் உண்மையை உடைத்தார்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, முதலில் கண்டுபிடிப்பு, பிறகு சரிபார்ப்பு என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள் இருப்பதுபோல எதிரணி பேசுவது தவறு. சரிபார்க்கும்வரை இருப்பது ஒரு கூற்று. அவ்வளவுதான்.

இப்போது துணிச்சலுக்கு வருகிறேன். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக்குழு உலகை உலுக்கிய ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோ துகள்கள், பாறைகளுக்குள் ஊடுருவி, சுமார் 730 கிலோமீட்டர் தாண்டி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போகின்றன. அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரத்தைவிட 60 நானோவிநாடி முன்னதாகவே அவை வந்து சேர்ந்ததாக அளவீடு காட்டியது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாகப் பிரித்தால் அதில் வெறும் 60 கூறு. ஆனால் ஒளியை மிஞ்சி எதுவும் போக முடியாது என்ற ஐன்ஸ்டைனின் அடித்தளத்தை அசைக்க அதுவே போதும்.

எல்லோரும் ஆளுக்கொரு புதுக் கோட்பாடு எழுதத் தொடங்கிய நேரத்தில், சரிபார்ப்பவர்கள் பழைய பதிவேட்டைத் திறந்தார்கள். 1987-இல் வெடித்த ஒரு விண்மீன் சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள், ஒளி தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் பூமியை அடைந்தன. ஓபரா சொன்ன வேகம் உண்மையானால் அவை நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும்! அப்படியானால் தவறு எங்கே?

ஓபரா குழுவினரைப் பாராட்டியே ஆக வேண்டும். எங்கள் பிழை எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்று உலகத்தையே அழைத்தவர்கள் அவர்கள். தங்கள் கருவிகளை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். 2012 தொடக்கத்தில் பிடிபட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு முழுதாக முறுக்கப்படாமல் தளர்ந்திருந்தது. அதனால் நேரக் குறி 70 நானோவிநாடிக்கும் மேல் தாமதமாக வந்தது. கடிகாரம் பின்தங்க, துகள் முந்திக்கொண்டதுபோல் தெரிந்தது. கடிகாரத்தில் இன்னொரு சிறு பிழையும் எதிர்த்திசையில் இருந்தது. அதே மலைக்கு அடியில் இருந்த இக்காரஸ் என்ற வேறொரு குழு தனியாக அளந்து, நியூட்ரினோ ஒளியை மிஞ்சவில்லை என்று 2012 மார்ச்சில் சொன்னது. உலகமே வியந்துகொண்டிருக்கும்போது ஒரு கம்பியின் இணைப்பைப் போய்த் தொட்டுப் பார்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தக் கைக்கு நான் தலை வணங்குகிறேன்.

2023-இல் எல்கே-99 வந்தபோதும் இதுதான் நடந்தது. சாதாரண அறை வெப்பத்தில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்று தென்கொரியாவிலிருந்து அறிவிப்பு வந்தது. சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்துவிட்டன. மின்தடை சட்டென்று இறங்கியதற்குக் காரணம் கலப்படமாகச் சேர்ந்த தாமிர சல்பைடு. கலப்படமில்லாமல் செய்த படிகம் ஊதா நிறத்தில் தெளிவாக இருந்தது. அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.

சரி, இயற்பியலில் பிழை வந்தால் பாதிப்பு ஆய்வகத்தோடு போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். நிதித்துறையில்? 2010-இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரும் பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும், சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு ஆகிவிடும் என்பது அதன் சாரம். அரசுகள் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வாதிட்ட அரசியல் தலைவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த 90 என்ற எண்ணை எடுத்துக்காட்டினார்கள். செலவைக் குறைப்பது என்றால் ஒருவருடைய ஓய்வூதியமும் இன்னொருவருடைய வேலையும்தான்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் முடிவைத் தானே கணக்கிட்டு வரவழைக்க வேண்டும் என்பது வகுப்பில் அவருக்குத் தந்த பயிற்சி. அவர் எடுத்தது இந்தக் கட்டுரையை. எப்படிப் போட்டாலும் கணக்கு வரவில்லை. கட்டுரையாளர்களிடமே கேட்டார், எக்செல் கோப்பை அனுப்பி வைத்தார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் பட்டியலின் கடைசி வரிசை வரை இழுக்கப்படவில்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை!

சூத்திரப் பிழையாவது கண்ணில் படும். அதைவிடப் பெரியது உள்ளே இருந்தது. நியூசிலாந்தின் கடன் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்த ஆண்டுகளில் 1946 முதல் 1949 வரையானவை சேர்க்கப்படவில்லை. எஞ்சியது 1951 என்ற ஒரே ஆண்டு, வளர்ச்சி மைனஸ் 7.6 விழுக்காடு. பிரிட்டனுக்கோ அப்படிக் கடன் மிகுந்த 19 ஆண்டுகளின் கணக்கு இருந்தது. அந்த ஒரு ஆண்டுக்கும் இந்த 19 ஆண்டுகளுக்கும் சராசரியில் ஒரே எடை. எல்லாவற்றையும் திருத்திப் போட்டபோது வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 விழுக்காடு. சூத்திரத்தில் தவறு நேர்ந்ததை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி மெதுவாகும் என்ற கருத்தில் மட்டும் உறுதியாக நின்றார்கள். அது தொடர்ந்து விவாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் 90-ஐத் தாண்டினால் பாதாளம் என்ற பயம் அன்றோடு ஆட்டம் கண்டது. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்களிடம் ஒரு மாணவர் கோப்பைக் கேட்டு வாங்கி, வரிசை வரிசையாகப் பார்த்து, உங்கள் கணக்கு வரவில்லை என்று சொல்வது துணிச்சல் இல்லையா? வேறு எதை எதிரணி துணிச்சல் என்கிறது?

பங்குச் சந்தை ஆய்வையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறியீட்டைப் பார்த்து வாங்கினால் லாபம் என்று ஆய்வுக் கட்டுரைகள் சொன்ன 97 வழிகளை மெக்லீன், பாண்டிஃப் என்ற இருவர் 2016-இல் மறுபடி சோதித்தார்கள். கட்டுரை வெளியான பிறகு அந்தக் கூடுதல் லாபம் சராசரியாக 58 விழுக்காடு குறைந்திருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரிபார்ப்பு எதையும் தட்டிக் கழிக்கும் வேலைதானே என்று எதிரணி மறுபடி எழக்கூடும். பல் மருத்துவத்தைப் பார்ப்போம். ஈறு நோய்க்குச் சிகிச்சை தந்தால் நீரிழிவுக்காரர்களின் சர்க்கரை குறையுமா? குறையும் என்று சிறிய ஆய்வுகள் சில சொல்லின. 2013-இல் 514 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்தது, மாற்றமே இல்லை. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். சரிபார்ப்பவர்கள் விடவில்லை. மேலும் ஆய்வுகள் நடந்தன. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, 3,249 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்று தெரிந்தது. பல்லின் வேரடியைச் சுத்தம் செய்வதால் இவ்வளவு! ஒரு நல்ல செய்தி செத்துப்போகாமல் காப்பாற்றப்பட்டது, மறுபடி மறுபடி பார்த்ததால்.

அதே ஈறு நோய்க் கிருமிதான் மறதி நோய்க்கும் காரணம் என்று 2019-இல் பெரும் நம்பிக்கை எழுந்தது. அந்தக் கிருமியின் நச்சைத் தடுக்கும் மருந்தை 643 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2021-இல் தோற்றது. சோதிக்காமல் விற்றிருந்தால் எத்தனை குடும்பங்கள் பொய் நம்பிக்கையில் பணத்தையும் காலத்தையும் இழந்திருக்கும்! எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது. நோயாளிக்குத் தேவை பரபரப்பான செய்தி அல்ல, நிற்கும் செய்தி.

இயற்கை வளத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அழித்த காட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காட்டைக் காக்கும் திட்டங்கள் கார்பன் கிரெடிட் விற்கின்றன. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு மரம் போயிருக்கும் என்று ஒரு கணிப்பு. அதற்கும் உண்மையில் போனதற்கும் உள்ள வித்தியாசமே விற்பனைச் சரக்கு. வாங்கும் நிறுவனம் அதைக் காட்டித் தன் புகையை ஈடுகட்டிவிட்டதாகச் சொல்கிறது. கணிப்பைப் பெரிதாக்கினால் சரக்கும் பெருகும். 2023-இல் ஓர் ஆய்வுக்குழு ஆறு நாடுகளில் இத்தகைய 26 திட்டங்களை எடுத்தது. கணிப்பை அப்படியே நம்பாமல், திட்டம் இல்லாத, ஆனால் எல்லா வகையிலும் ஒத்த நிலப்பகுதிகளில் உண்மையில் எவ்வளவு காடு அழிந்தது என்று ஒப்பிட்டது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவே இல்லை. குறைத்த சிலவும் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைத்திருந்தன. ஈடுகட்டியதாகச் சொன்ன புகை வானத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, இன்னும் தீர்ப்பு வராத ஒரு வழக்கு. 2024 ஜூலையில், பசிபிக் கடலில் சுமார் 4,000 மீட்டர் ஆழத்தில், சூரிய ஒளியே படாத தரையில் ஆக்சிஜன் உண்டாகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அங்கே சிதறிக் கிடக்கும் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் உருண்டைகள் மின்கலம்போல இயங்கி நீரைப் பிரிக்கலாம் என்கிறது அது. உருண்டைகளின் மேல் அவர்கள் அளந்த மின்னழுத்தம் அதிகபட்சம் 0.95 வோல்ட், கடல்நீரைப் பிரிக்க ஏறத்தாழ 1.5 வோல்ட் வேண்டும். கருவியோடு கீழே போன காற்றுக் குமிழியாக இருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த உருண்டைகளை அள்ளுவதற்கோ நிறுவனங்கள் கப்பலோடு காத்திருக்கின்றன. கண்டேன் என்பவர் சொல்வதை அப்படியே நம்பித் தடுப்பதா, இல்லை என்பவர் சொல்வதை நம்பித் தோண்டுவதா? வேறு ஒரு குழு, வேறு ஒரு கருவியோடு, அதே ஆழத்துக்கு இறங்கி அளந்து வரும்வரை இதற்கு யாரிடமும் பதில் இல்லை. கண்டுபிடிப்பே போதும் என்று வாதிட்ட எதிரணி நண்பர்கள், அந்தக் கடலடியை என்ன செய்யலாம் என்று எழுந்து சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.